ஒரு சொட்டுப் பசை

ரெஷாத்துடன் வாழ்ந்த பத்தொன்பது வருடங்களில் அவன் வாய் ஓய்ந்து நான் பார்த்தது இரண்டே முறை. ஒன்று, அவனுடைய அப்பாவை அடக்கம் செய்த அன்று. இன்னொன்று போன ஜூன் மாதம், பாப்ராட் சரிவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு.

எங்கள் ஊர் கோன்யிட்ஸ். நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். என் கணவன் ரெஷாத் சோபாக்களுக்கு மெத்தை தைப்பவன். அவனுடைய நண்பன் யோஸோ தபால் வேன் ஓட்டுகிறான். இந்த இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், பாறை ஏறும் ரிமோட் கார். முழங்கை நீளம், பெரிய ரப்பர் சக்கரங்கள், வேகம் என்பதே கிடையாது. ஆனால் மனிதன் கை ஊன்றி ஏற வேண்டிய பாறையில் அது பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஏறும். ஞாயிறு விடிந்தால் போதும், நாற்பத்தாறு வயது ஆண்கள் இருவர் நல்ல கல் தேடிக் கிளம்பிவிடுவார்கள்.

கேலி செய்தேனே தவிர, அந்த வண்டிகளின் ஸ்டியரிங் வேலை முழுக்க என் கையில்தான் இருந்தது. ரெஷாத்துக்குக் கிட்டப் பார்வை போய்விட்டது. யோஸோவின் விரல்கள் தடித்தவை. எனக்கோ நாள் முழுக்கப் பல் கம்பி வளைக்கிற வேலை. அந்த வண்டியில் சக்கரத்தைத் திருப்ப ஒரு குட்டி மோட்டார் உண்டு. அதிலிருந்து ஒரு கம்பி ஒரு முன்சக்கரத்துக்குப் போகும். அந்தச் சக்கரத்திலிருந்து இன்னொரு கம்பி குறுக்காக மற்றச் சக்கரத்துக்குப் போகும். கம்பிகளின் நுனியில் குண்டுமணி அளவு பால் ஜாயிண்ட்கள், எந்தப் பக்கமும் திரும்பும் உருண்டை மூட்டுகள். அவ்வளவுதான் சங்கதி. கம்பி அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை ரெஷாத்தின் வண்டிக்குப் புதுக் கம்பிகள் மாட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்திரியாவில், லின்ஸ் நகரத்து லேப் ஒன்றிலிருந்து எனக்கு வேலைக் கடிதம் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. பேச்சு அதில் போய் முட்டியது.

"அங்க போய் நான் யாருக்கு சோபா தைக்கறது? மொழி தெரியாத கழுதையா நிக்கணுமா?" என்றான்.

"இங்க மட்டும் பெரிய குதிரையா?" என்றேன்.

அதற்குப் பிறகு சொன்னவற்றை எழுத வேண்டாம். கடைசி ஸ்க்ரூ ஒன்று பாக்கி இருந்தது, இடது சக்கரத்துப் பால் ஜாயிண்ட்டுக்கு. அதன் மரையில் ஒரு சொட்டு நீலப் பசை வைத்து முறுக்க வேண்டும். இல்லையென்றால் அதிர்வில் மெல்ல மெல்லக் கழன்று வந்துவிடும். நான் பசை வைக்கவில்லை. வெறுமனே முறுக்கிவிட்டு ஆலன் கீயை மேசைமேல் வீசி எறிந்துவிட்டுப் போய்ப் படுத்தேன். மறுநாள் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேனா, வேண்டுமென்றே விட்டேனா, இன்றுவரை எனக்கே தெரியாது. மறுநாள் மறந்துபோனது என்பது மட்டும் உண்மை.

ஞாயிறு காலை வழக்கமான ஆற்றோரப் பாறைகளுக்குப் போகும் வழியில் மரம் ஏற்றும் லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. "விடு, நான் ஒரு இடம் பாத்து வெச்சிருக்கேன்" என்றான் யோஸோ. "தபால் கொடுக்கப் போறப்ப பாத்தேன். சுண்ணாம்புக் கல்லு படிக்கட்டு மாதிரி நிக்குது. கடவுளே நமக்குன்னு அடுக்கி வெச்ச மாதிரி."

அப்படித்தான் பாப்ராட்டுக்குப் போனோம். தார் ரோட்டிலிருந்து புல் வெட்டிய வயல் வழியாக டிராக்டர் தடம் ஒன்று பாறைவரை போனது. தடத்திலேயே காரை நிறுத்தினோம். தெரியாத இடத்தில் தடம் விட்டு இறங்கக் கூடாது என்பது போர் கண்ட எங்கள் நாட்டில் நடக்கப் பழகும்போதே பழகுவது. ஆனால் இந்தப் பக்கம் யாரோ புல் வெட்டி உருண்டை கட்டி வைத்திருந்தார்கள், அதை நம்பினோம். பாறைக்கு அந்தப் பக்கம் ஜூனிப்பர் புதர்கள் இடுப்பளவு வளர்ந்திருந்ததையும், அங்கே பல வருடமாக எந்த அரிவாளும் படவில்லை என்பதையும் மூன்று பேரும் பார்த்தோம். பார்த்தும் யாருக்கும் உறைக்கவில்லை.

ரெஷாத்தின் வண்டி பாறையின் உச்சிவரை அழகாக ஏறியது. உச்சியில் திடீரென்று இடது முன்சக்கரம் மட்டும் ஒடிந்த கை போல வெளிப்பக்கம் மடங்கிக்கொண்டது. வண்டி ஒருக்களித்து அந்தப் பக்கம் விழுந்து, மூன்று நான்கு முறை உருண்டு, சரிவில் ஒரு ஜூனிப்பர் புதரில் போய் மாட்டி நின்றது.

"ஐயோ, பிள்ளை விழுந்துட்டான்!" என்று சிரித்தபடி ரெஷாத் பாறையைச் சுற்றிக்கொண்டு இறங்கினான்.

நான் பாறைமேல் உட்கார்ந்து அவன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எது கழன்றது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

யோஸோ சாப்பாட்டுப் பையை நிழலில் வைக்கப் பாறையோரப் பெரணிச் செடிகளுக்குள் காலை வைத்தான். தகரம் மிதிபடும் சத்தம் கேட்டது. குனிந்து எதையோ எடுத்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் பால் மாதிரி வெளுத்திருந்தது.

"அண்ணி" என்றான் மெதுவாக. "ரெஷாத்தை நிக்கச் சொல்லுங்க."

அவன் கையில் துருப்பிடித்த சிவப்புப் பலகை. நடுவில் வெள்ளை மண்டையோடு. பனியில் கம்பம் சாய்ந்து எத்தனை காலமாகக் குப்புறக் கிடந்ததோ.

என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் எனக்கே தெரியாத ஒரு மிருகத்தின் சத்தம். "ரெஷாத்! நில்லு! அசையாத! கண்ணிவெடி!"

அவன் நின்றான். வண்டிக்கு இரண்டு எட்டு இருந்தது. முன்னே வைத்த வலது காலைத் தூக்கப் போய் நிறுத்தினான். பிறகு அப்படியே, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நின்றுவிட்டான். திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அப்போதுதான் அவன் வாய் ஓய்ந்தது.

பாறையடியிலிருந்து அவன் இருந்த இடம் இருபது எட்டுக்கு மேல் இருக்காது. எங்கள் சாப்பாட்டு மேசையிலிருந்து பக்கத்து வீட்டு வாசல்வரை உள்ள தூரம். அந்த இருபது எட்டும் வெயிலில் மின்னும் கணுக்கால் உயரப் புல். அவன் நடந்த வழி ஒரு மங்கலான கோடாகத் தெரிந்தது. அதைத் தவிர மற்ற எல்லாப் புல்லும் ஒரே மாதிரி இருந்தது.

போனில் சிக்னல் ஒரே கோடு. அவசர எண்ணில் பேசிய பெண் நிதானமாக இருந்தாள். "எத்தனை பேரு உள்ள இருக்காங்க? ஒருத்தரா? அவர் நின்ன இடத்துலயே நிக்கட்டும். யாரும் உள்ள போகாதீங்க. எதையும் தூக்கி எறியாதீங்க. வெடி எடுக்கற குழு அடுத்த பள்ளத்தாக்குல இருக்கு. வர ஒன்றரை மணி நேரம் ஆகும். கூட இருந்து பேசிக்கிட்டே இருங்க."

ஒன்றரை மணி நேரம். ரெஷாத்தால் அவ்வளவு நேரம் நிற்க முடியாது. வலது முழங்காலில் ஃபுட்பால் ஆடி வாங்கிய தகடு இருக்கிறது, குத்த வைத்து உட்கார வராது. அதைவிட மோசம், பயந்தால் அவன் மயங்கி விழுவான். நாங்கள் பழகியதே அப்படித்தான். என் லேபுக்கு மேல்மாடி டாக்டரிடம் பல் பிடுங்கிக்கொண்டு படி இறங்கியவன், கையிலிருந்த ரத்தப் பஞ்சைப் பார்த்துவிட்டு வாசலில் என் பல் அச்சுகள்மேல் விழுந்தான். ஆள் பார்க்கத்தான் கரடி மாதிரி.

"ரெஷாத், காலை இறுக்கி இறுக்கி விடு. தொடையை முறுக்கு" என்று கத்தினேன்.

"முறுக்கறேன்." குரல் காய்ந்திருந்தது. "வில்டா, தண்ணி இருக்கா?"

"இருக்கு."

"உங்கிட்ட இருக்கு. எங்கிட்ட இல்ல."

எறிந்தால் பாட்டில் எங்கே விழும் என்று யாருக்குத் தெரியும். நான் யோஸோவின் ரிமோட் வண்டியைப் பார்த்தேன். காரின் நிழலில் அது சாதுவாக நின்றுகொண்டிருந்தது.

யோஸோ என் பார்வையைப் புரிந்துகொண்டான். "வேண்டாம் அண்ணி. எதையும் அனுப்பாதேன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

"எறியாதேன்னுதான் சொன்னா."

"ரெண்டும் ஒண்ணுதானே!" அவன் பெரியம்மா மகன் காளான் பறிக்கப் போய் ஒரு காலை விட்டுவிட்டு வந்தவன். யோஸோவின் உதடுகள் தனியாக ஆடிக்கொண்டிருந்தன. "என் வண்டி நேரா போகாது. உங்களுக்கே தெரியும். கல்லு மேல ஏறினா குடிகாரன் மாதிரி ஒரு பக்கம் இழுக்கும்."

அது உண்மை. அவனுடைய வண்டியில் இன்னும் பழைய பிளாஸ்டிக் கம்பிதான். பாரம் விழுந்தால் கம்பி வில்லாக வளையும், சக்கரங்கள் ஆளுக்கொரு திசையில் பார்க்கும். ரெஷாத்தின் காலடித் தடத்தைவிட்டு அது ஒரு சாண் விலகினாலும் என்ன ஆகும் என்று நினைக்க முடியவில்லை. ஆனால் புதுக் கம்பிகள் ஒரு செட் அவன் காரின் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் ஒரு மாதமாகக் கிடந்தன. "ஒரு தட்டு புரெக் வாங்கித் தரேன் அண்ணி, மாட்டிக் குடுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். நான் நேரம் இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

"அந்த செட்டை எடு. டூல் பையையும் எடு" என்றேன்.

கார் டிக்கியைத் திறந்து அதன் விளிம்பில் வண்டியைக் கவிழ்த்து வைத்தேன். ரெஷாத்தின் முதுகு கண்ணில் படும்படி நின்றுகொண்டேன். இருபது வருடத்துக்கு மேலாக முடி கனத்துக் கம்பியை நெளிக்கிற கைகள், ஆலன் கீயை ஸ்க்ரூவின் வாயில் நுழைக்க முடியாமல் மூன்று முறை தவறின. நான்காவது முறை உள்ளங்கையைத் தகரத்தில் அழுத்தி ஊன்றிக்கொண்டேன். லேபில் அப்படித்தான் செய்வோம். கை அடங்கியது. உள்ளே எதுவும் அடங்கவில்லை.

பழைய கம்பிகளைக் கழற்றி, பால் ஜாயிண்ட்டின் நடுவிலிருந்து நடு அளந்தேன். புதுக் கம்பி எஃகு, கனமாக இருந்தது. ஒரு நுனியில் வலது மரை, மறு நுனியில் இடது மரை. மாட்டிய பிறகு கம்பியைத் திருகினாலே நீளும், குறையும். யோஸோவை ரெஷாத்துடன் பேசிக்கொண்டே இரு என்று நிறுத்தினேன்.

"டேய் ரெஷாத், முழிச்சிருக்கியா?"

"இல்ல, தூங்கறேன்."

"எதாவது பேசுடா."

"நீ கண்டுபிடிச்ச இடம் ரொம்ப நல்லா இருக்கு யோஸோ. கடவுளே அடுக்கி வெச்ச இடம்."

யோஸோ அழ ஆரம்பித்துவிட்டான்.

"வில்டா, எது கழண்டுச்சு? இங்கேர்ந்து தெரியுது. இடது பக்கம் ஸ்க்ரூவே இல்ல" என்றான் ரெஷாத்.

கையிலிருந்த பால் ஜாயிண்ட்டைப் பார்த்தபடியே சொன்னேன். "நான் பசை வைக்கல. வெள்ளிக்கிழமை. கோவத்துல அப்படியே விட்டுட்டேன்."

ஒரு வெட்டுக்கிளி மட்டும் கத்திக்கொண்டிருந்தது. அவன் விழுந்துவிட்டானோ என்று தலையைத் தூக்கினேன். நின்றுகொண்டுதான் இருந்தான்.

"பத்தொன்பது வருஷமா என்னைக் கொல்லப் பாக்கற" என்றான். "பூச்சி மருந்து வாங்கியிருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும்."

நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. மூக்கிலிருந்து வண்டிமேல் சொட்டியது.

குறுக்குக் கம்பியை மாட்டினேன். சக்கரங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை முன்பக்கமும் பின்பக்கமும் அளந்தேன். முன்பக்கம் ஒரு மயிரிழை குறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் வண்டி நேர்கோடு பிடிக்கும். கம்பியை அரைச் சுற்று திருகினேன், அளந்தேன், கால் சுற்று திரும்பத் திருகினேன். ரிமோட்டைப் போட்டு மோட்டாரை நடுவில் நிறுத்தி, மற்றக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்தேன். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் பசை வைத்தேன். அது காய்வதற்கு மணிக்கணக்கில் ஆகும் என்று தெரிந்தும் வைத்தேன்.

ஒரு கோளாறு இருந்தது. புதுக் கம்பி பருமன். வலது பக்கம் முழுதாகத் திருப்பினால் அச்சின் வயிற்றில் போய் இடித்தது. கம்பியைக் கழற்றி மேல்பக்கமாக ஏற்றி மாட்டினால் சரியாகிவிடும், பத்து நிமிட வேலை.

"அண்ணி, அவன் ஆடறான்" என்றான் யோஸோ.

ரெஷாத்தின் தோள்கள் முன்னும் பின்னும் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. ரிமோட்டில் வலது திருப்பத்தைப் பாதியோடு நிற்கும்படி குறைத்துவிட்டு எழுந்தேன். இடது பக்கம் முழுதாகத் திரும்பும், வலது பக்கம் பாதிதான். அவன் நடந்த தடம் நடுவில் ஒரு கல்லைச் சுற்றி வலது பக்கமாகத்தான் வளைந்திருந்தது.

அரை லிட்டர் பாட்டிலையும், பையில் போட்ட ஒரு பிடி காபிச் சர்க்கரைக் கட்டிகளையும், ரெஷாத் தன் போனை வீட்டிலேயே விட்டுவந்திருந்ததால் யோஸோவின் போனையும் வண்டியின் முதுகில் ரப்பர் பேண்டால் கட்டினோம். பாறையடியில் ரெஷாத்தின் முதல் காலடியில் அதை இறக்கி வைத்தேன். பிறகு பாறைமேல் ஏறி நின்றேன். அங்கிருந்துதான் தடம் தெரிந்தது. அவன் நடந்து எதுவும் ஆகவில்லை, அதனால் அந்தக் கோட்டில் எதுவும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்குள் அதை யாரும் நம்பவில்லை.

விரலால் விசையைத் தொட்டேன். வண்டி நகர்ந்தது.

அது அவ்வளவு நேராகப் போய் நான் பார்த்ததில்லை. சிறு கற்களில் ஏறி இறங்கியும் சக்கரங்கள் பிசகவில்லை. ஓர் அடி போவதற்கு ஒரு மூச்சு. ஒவ்வொரு அடியிலும் என் முகம் தானாகச் சுருங்கி வெடிச் சத்தத்துக்குக் காத்திருந்தது. யோஸோ கீழே காதுகளைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தான்.

வளைவு வந்தது. வலது பக்கம் திருப்பினேன். பாதி திரும்பி நின்றுகொண்டது. அப்படியே போனால் தடத்தைவிட்டு இடது பக்கப் புல்லில் ஏறிவிடும். நிறுத்தினேன். வந்த சுவட்டிலேயே பின்னால் எடுத்தேன், சக்கரத்தை இடது பக்கம் ஒடித்து ஒரு சாண், மறுபடி வலது ஒடித்து முன்னால் ஒரு சாண். குறுகிய சந்தில் லாரி திருப்புவது மாதிரி. மூன்றாவது முறை பின்னால் எடுக்கும்போது வண்டி எதிலோ மாட்டி இழுத்தது. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் புல்லுக்குள் மெல்லிதாக ஏதோ பளிச்சென்றது.

"கம்பி" என்றான் ரெஷாத். அப்போதுதான் அவன் தலையைத் திருப்பிப் பார்த்திருந்தான். "வில்டா, புல்லுக்குள்ள கம்பி ஒண்ணு இருக்கு, வெடியோட கம்பியா இருக்கும். நிறுத்து."

விரலை எடுத்துவிட்டேன். கண்ணில் வியர்வை இறங்கியது, துடைக்கப் பயமாக இருந்தது. கம்பி சக்கரத்தின்மேல் சாய்ந்திருந்தது. முன்னால் போனால் இழுபடுமா, பின்னால் போனால் இழுபடுமா? என் உடம்பு முழுவதும் ஒரே ஒரு விரலாக ஆகிவிட்டது போல இருந்தது.

"எந்தப் பக்கம் தளர்வா இருக்கு?" என்று கேட்டேன்.

"முன்னால வந்தா தளரும்னு நினைக்கறேன்." சற்று நிறுத்தினான். "நினைக்கறேன்தான்."

"முன்னால எடுக்கவா?"

"எடு. லின்ஸுக்கு வேணாலும் வரேன், எடு."

முன்னால் எடுத்தேன். கம்பி சக்கரத்திலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. வண்டி வளைவைத் தாண்டியிருந்தது. கடைசி நாலைந்து எட்டும் நேர் கோடு. அது போய் ரெஷாத்தின் இடது குதிகாலில் முட்டி நின்றது.

அவன் இடுப்பை மட்டும் மடக்கி, காலை நகர்த்தாமல், பாட்டிலை எடுத்தான். பாதித் தண்ணீரைக் குடித்தான், பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டான். சர்க்கரைக் கட்டிகளைக் குதிரை மாதிரி நறநறவென்று மென்றான். பிறகு போனைக் காதில் வைத்தான். என் போன் அடித்தது.

"மேடம், தபால் வந்து சேர்ந்துச்சு" என்றான்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் போனில் பேசிக்கொண்டிருந்தோம், ஒருவரை ஒருவர் பார்த்தபடியே. பேசிய பாதிக்கு அர்த்தமே இல்லை. பாத்ரூம் குழாய் ஒழுகுவதைப் பற்றி, அவன் அக்கா மகள் கல்யாணத்துக்கு என்ன பரிசு என்பதைப் பற்றி. நடுவில் இரண்டு முறை "வில்டா, கண்ணு இருட்டுது" என்றான். இரண்டு முறையும் தொடையை முறுக்கு, சர்க்கரை தின்னு என்று அலறினேன். இரண்டாவது முறை அவன் வலது கை காற்றில் எதையோ பிடிக்கப் போனது. விழப்போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றிருந்தான். விழவில்லை.

வெள்ளை வேன் வந்தது. இறங்கியவள் ஐம்பது வயது தாண்டிய குள்ளமான பெண், பெயர் ரத்கா. கூட இரண்டு ஆண்கள். கனத்த மேலங்கியும் முகக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, ரொட்டி மாவு பிசைய உட்காருகிறவள் மாதிரி புல்லின் விளிம்பில் மண்டியிட்டாள். உலோகம் காட்டும் கருவியைப் புல்லின்மேல் அசைத்து அசைத்துப் பார்த்தாள். சத்தம் வந்த இடத்தில் மெல்லிய ஊசிக் கம்பியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்தாள். ஓர் எட்டுக்கு மூன்று நான்கு நிமிடம் ஆனது. இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போனாள்.

வளைவுக்கு முன்னால் அவள் கை நின்றது. ரொம்ப நேரம் அசையவே இல்லை. பிறகு வெடி இருக்கிறது என்று காட்டும் சிவப்புக் குச்சி ஒன்றை நட்டுவிட்டு, பாதையைச் சற்று வலது பக்கம் தள்ளி எடுத்துக்கொண்டு மேலே போனாள். அந்தக் குச்சி வண்டி போன சுவட்டிலிருந்து ஒன்றரைக் கை தள்ளி இருந்தது. நாங்கள் பயந்து செத்த கம்பி இருந்த இடம் அது இல்லை. அந்தப் பக்கம் நான் பார்க்கக்கூட இல்லை.

அவள் ரெஷாத்தை எட்டியபோது மணி இரண்டு. அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, "என் காலு எடுத்த இடத்துல உங்க காலு. வேற எங்கயும் வேண்டாம். அழணும்னா அங்க போய் அழலாம்" என்றாள். இரண்டு பேரும் வந்தார்கள். பாறையடிக்கு வந்ததும் அவன் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. காரின் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். நான் அவன் நெற்றியைத் தாங்கிக்கொண்டேன்.

ரத்கா முகக் கண்ணாடியைக் கழற்றினாள். "அந்தக் குட்டி வண்டியை யாரு ஓட்டினது?"

"நான்தான்."

பாராட்டப் போகிறாள் என்று நினைத்தேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

"இன்னொரு தடவை இப்படிச் செஞ்சீங்கன்னா உங்க கையை நானே உடைப்பேன்" என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். "மனுஷன் கம்பியைத் தெரியாமலே தாண்டி வெச்சுடுவான். சக்கரம் தாண்டாது, இழுக்கும். ஒரு மிதிக்கு வெடிக்காதது ரெண்டாவது மிதிக்கு வெடிக்கும். அவர் நடந்த வழின்னா பத்திரம்னு யாரு சொன்னது உங்களுக்கு?"

"மயங்கி விழுந்திருப்பாரு" என்றேன்.

அவள் ரெஷாத்தைப் பார்த்தாள். அவன் நின்றிருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "விழுந்திருந்தா அதுவும் மோசம்தான்" என்றாள். "உங்க வண்டி மாட்டினது பழைய வேலிக் கம்பிலதான். அது உங்க அதிர்ஷ்டம். அதைத் திறமைன்னு நினைச்சுக்காதீங்க." சிகரெட் ஒன்றை யோஸோவிடமிருந்து வாங்கிக்கொண்டு வேனுக்குப் போனாள். நான் செய்தது சரியா தப்பா என்று அவளும் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை. இரண்டு வண்டிகளும் அங்கேயே புல்லில் கிடந்தன, ஒருவரும் கேட்கவில்லை.

யோஸோதான் காரை ஓட்டினான். தார் ரோட்டுக்கு வந்து இரண்டு மூன்று வளைவு தாண்டினோம். பிறகு ரெஷாத், "நிறுத்து, ஒண்ணுக்குப் போகணும்" என்றான்.

யோஸோ ஓரமாக நிறுத்தினான். ரெஷாத் இறங்கி ரோட்டோரம் வரை போனான். தார் முடிந்து புல் தொடங்கும் இடத்தில் நின்றான். வெறும் ரோட்டோரப் புல், யாரோ வீசிய ஜூஸ் டப்பா கிடந்தது. ஒரு காலைத் தூக்கினான். கீழே வைக்க முடியவில்லை. எடுத்துவிட்டுப் பின்னால் வந்தான். மறுபடி போனான், மறுபடி வந்தான். கடைசியில் ரோட்டின் நடுவில் வெள்ளைக் கோட்டின்மேல் வந்து நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒண்ணுக்குப் போனான். எதிரே வந்த டிராக்டர்காரர் வேகம் குறைத்து, பார்த்துவிட்டு, "வீட்ல கக்கூஸ் இல்லியா, மாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

யோஸோ ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக் குலுங்கினான். சிரிக்கிறான் என்று நினைத்து நானும் சிரித்தேன். பிறகு எனக்கும் அழுகை நிற்கவில்லை. ரெஷாத்தைக் கூட்டி வரலாம் என்று என் பக்கக் கதவைத் திறந்தேன். கீழே புல் இருந்தது. கதவை மெதுவாக மூடிவிட்டு, இருக்கைகளுக்கு நடுவே ஊர்ந்து, தார் இருந்த பக்கமாக இறங்கினேன்.